அவர் லேத், என் மில்லிங்

செப்டம்பர் 9

தினமும் நான்கு வரி எழுதச் சொல்லியிருக்கிறாள் பிசியோதெரபி ஷைனி. விரல் மடங்குவதற்காம். பேனா நிற்கவே மாட்டேன் என்கிறது. இதோடு நான்கு வரி ஆகிவிட்டது.

செப்டம்பர் 10

எழுதினேன். போதும்.

செப்டம்பர் 11

எதை எழுதுவது என்று கேட்டேன். பேர், ஊர், செய்கிற வேலை, எதுவானாலும் எழுதலாம் என்றாள் ஷைனி. சரி. சாந்தாமணி. கோயமுத்தூர், கணபதி. வீட்டுக்குப் பின்னால் பட்டறை. அதில் ஒரு லேத், ஒரு மில்லிங் மிஷின். லேத் என் வீட்டுக்காரர் ஆறுச்சாமியுடையது, மில்லிங் என்னுடையது. கல்யாணமான புதிதில் போட்ட ஏற்பாடு. பம்புக்குள் சுழலும் தண்டான ஷாஃப்ட்டை அவர் உருட்டித் தருவார், நான் அதில் கீவே வெட்டுவேன். கீவே என்றால், சக்கரம் வழுக்காமல் பிடிக்கும் சாவிக்கட்டை உட்காருவதற்காக ஷாஃப்ட்டில் நீளவாக்கில் போடும் வெட்டு. அவர் என் மிஷினைத் துடைப்பார், எண்ணெய் விடுவார், பெல்ட் மாற்றுவார், ஓட்ட மட்டும் மாட்டார். நான் லேத்தைத் தொட்டதில்லை. போர்டில் அவர் பெயர்தான் இருக்கிறது. அதைப் பற்றி இன்று எழுத வேண்டாம், விரல் சின்னது, கோபம் பெரியது.

ஆடி மாதம் பெல்ட் அறுந்து வலது கையில் வீசியது. இரண்டு விரல்களின் நரம்பைத் தைத்திருக்கிறார்கள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சம்பந்தி வீட்டார் மாதிரி விறைப்பாகவே இருக்கின்றன. அவ்வளவுதான் நடந்தது. இதற்குப் போய் ஊரே வந்து ஆர்லிக்ஸ் வைத்துவிட்டுப் போனது.

செப்டம்பர் 12

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் இன்றுதான் பட்டறைக்குள் போனேன். அவர் ரேஷன் கடைக்குப் போன சமயம் பார்த்துப் பூட்டைத் திறந்தேன். இடது கையால் பூட்டுத் திறப்பது ஒரு தனிக் கலை.

உள்ளே ஒரே தூசி. லேத்தின் மேல் விரலால் கோடு போட்டால் தெரிகிறது. அவர் ஆடியிலிருந்து இந்தப் பக்கமே வருவதில்லை, வேலையெல்லாம் அப்படியே கிடக்கிறது. என் மில்லிங் மிஷின் இருந்த இடத்திலேயே இருந்தது. இங்கிலாந்தில் செய்தது, மூடிப்போன பஞ்சாலை ஒன்றின் ஏலத்தில் நாங்கள் எடுத்தது. தகட்டில் வருடம் அழிந்துவிட்டது. என் வயதை விட அதற்கு அதிகம் என்பது மட்டும் நிச்சயம், ஆனால் என்னை விடக் குறைவாகத்தான் முனகும்.

மோட்டாரில் பெல்ட் மாட்டும் சக்கரமான இரட்டைப் பள்ளப் புல்லியைக் காணவில்லை. வெறும் ஷாஃப்ட் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. புல்லியை உருவும் மூன்று கால் கருவி சுவரில் அதன் ஆணியில் தொங்கியது. பட்டறையில் அது ஒன்றில்தான் தூசி இல்லை, துடைத்து எண்ணெய் பூசியிருந்தது. திருடன் பூட்டை உடைக்காமல் வந்து, புல்லியைக் கழற்றி, கருவிக்கு எண்ணெய் போட்டு, இருந்த ஆணியிலேயே மாட்டிவிட்டுப் போயிருக்கிறான். ஒழுக்கமான திருடன்.

செப்டம்பர் 13

காலையில் இட்லி வைத்துக்கொண்டே கேட்டேன், மோட்டார் புல்லி எங்கே என்று. "எனக்கென்ன தெரியும்" என்று சட்னியிடம் சொன்னார். பிறகு நிமிராமலே மீதியையும் சொன்னார். பழைய மிஷின் வாங்குகிற ஆளிடம் பேசிவிட்டாராம். விஜயதசமிக்கு லாரி வருமாம். லேத்தை யாரோ தெரிந்தவர் கேட்டிருக்கிறாராம். கொட்டகையைப் பார்சல் கம்பெனிக்கு வாடகைக்கு விட்டுவிடலாமாம்.

"என்னைக் கேக்காமயா?"

"கேட்டா நீ உடுவியா?"

"ஏனுங்க, பம்பு கம்பெனிக்காரங்க நம்ம ஷாஃப்ட்டை இன்னும் வேற யாருக்கும் குடுக்கலை. பூசை முடியட்டும், பாக்கலாம்னு இருக்கறாங்க. உங்களுக்கு என்ன அவசரம்?"

"வேண்டாம் சாந்தா. அது வேண்டாம்."

எனக்கு மண்டை சூடாகிவிட்டது. சொல்லிவிட்டேன். "விஜயதசமி அன்னைக்கு அது ஓடலைன்னா நீங்க லாரில ஏத்திக்குங்க. நானே கயிறு கட்டித் தர்றேன். ஓடுச்சுன்னா இந்தப் பேச்சை இனி இந்த ஊட்டுல எடுக்கக் கூடாது."

அவர் தட்டிலேயே கை கழுவினார். இட்லி இரண்டு அப்படியே இருந்தது. கோபம் வந்தால் அவருக்குப் பசிக்காது. பயம் வந்தாலும் அப்படித்தான். எது என்று நான் கேட்கவில்லை.

செப்டம்பர் 17

நஞ்சப்பா ரோட்டில் நாகமாணிக்கத்தின் பெல்ட் கடைக்குப் போனேன். வருடக்கணக்காக அங்கேதான் வாங்குகிறோம். என்னைப் பார்த்ததும் அவர் வாசலை எட்டிப் பார்த்து, "வாங்கக்கா, அண்ணன் வண்டியை நிறுத்தறாருங்களா?" என்றார். அண்ணன் வரவில்லை, மிஷின் என்னுடையது, பெல்ட் எனக்கு என்றேன். ஒரு காப்பி சொன்னார்.

பையிலிருந்து பழைய பெல்ட்டுகளை எடுத்துப் போட்டேன். ஒன்று முழுசு, ஒன்று அறுந்தது. முழுசாக இருந்தது பழசு, வெடிப்பு விட்டது. அறுந்தது புதுசு, அதன் மேல் எழுத்துக்கூட அழியவில்லை. நாகமாணிக்கம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நாக்கைச் சப்புக்கொட்டினார். "ஒண்ணை மட்டும் மாத்தீட்டீங்களாட்டருக்குது. பழசு இழுபட்டுத் தொளதொளன்னு கெடக்கும், அது சும்மா சுத்தும். லோடு பூராவும் புதுசு மேல வந்துரும். இது ஜோடியாத்தானுங்க மாத்தோணும்."

இது எனக்குத் தெரியாததல்ல. அவருக்கும் தெரியாததல்ல. ஒன்று நன்றாகத்தானே இருக்கிறது, எதற்குத் தூக்கிப் போடுவது என்று எல்லாப் பட்டறையிலும் செய்கிற காரியம்தான். ஆடி முதல் வெள்ளி நான் கோயிலுக்குப் போயிருந்தபோது மாட்டிய பெல்ட் அது. மாட்டியது நானில்லை.

இதற்கு மேல் எழுத விரல் வலிக்கிறது.

செப்டம்பர் 18

அங்குல அளவு பெல்ட், ஒரே அச்சில் வந்த ஜோடியாக வேண்டுமென்று சொல்லியிருக்கிறேன். வரவழைத்துத் தருகிறாராம். விரல் இன்று கொஞ்சம் வளைந்தது. ஷைனி கை தட்டினாள். குழந்தை எழுந்து நின்றால் தட்டுகிற மாதிரி.

செப்டம்பர் 21

உக்கடம் பழைய இரும்புக் கடைகள். ஒரு காலை முழுக்க வெயிலில் நின்றேன். அப்பாஸ் பாய் கடையில் புல்லிகள் ஒரு மலையாகக் கிடக்கின்றன. "எந்த மிஷினுக்கும்மா?" என்றார். சொன்னேன். "அதெல்லாம் மியூசியத்துல இருக்க வேண்டியதாச்சே" என்றார். மியூசியத்தில் இருப்பவை கீவே வெட்டாது பாய், என்னுடையது வெட்டும் என்றேன். சிரித்துவிட்டு நாற்காலியைக் குவியலுக்கு அருகிலேயே போட்டுக் கொடுத்தார்.

ஒவ்வொன்றாக எடுத்துப் பள்ளத்தின் அடியைப் பார்த்தேன். பெல்ட் என்பது பள்ளத்தின் இரண்டு பக்கச் சுவர்களையும் பிடித்து நிற்க வேண்டும். அடியைத் தொடவே கூடாது. சுவர் தேய்ந்த புல்லியில் பெல்ட் கீழே இறங்கி அடியில் உரசும். அடி கண்ணாடியாக மினுங்கும். அப்படி மினுங்கினால் அந்தப் புல்லி எத்தனை பெல்ட் போட்டாலும் தின்று தீர்க்கும். நான் எடுத்த எல்லாமே மினுங்கின. அப்பாஸ் பாய் ஒன்றைத் துடைத்துக் கொடுத்து, நன்றாகத்தானே பளபளக்கிறது என்றார். அதுதான் பாய் வியாதி என்றேன்.

மத்தியானம் கிடைத்தது. இரண்டு பள்ளம், ஐந்து அங்குலம், யாரோ வாங்கி மாட்டாமலே விட்ட புல்லி. பள்ளத்தில் துரு ஏறி, அடியில் வார்ப்பின் சொரசொரப்பு அப்படியே இருந்தது. நடுத்துளைதான் சின்னது. என் மோட்டார் ஷாஃப்ட்டுக்குப் பொருந்த அதை லேத்தில் பெரிதாக்க வேண்டும்.

லேத்தில். அதைப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வரும்போதுதான் யோசித்தேன்.

செப்டம்பர் 24

முன்வாசலில் இவர் எதையோ தட்டிக்கொண்டிருக்கிறார். கெட்டுப்போன வாஷிங் மிஷினின் தகரத்தை வெட்டி, மடக்கி, ஓட்டை போட்டுக்கொண்டிருக்கிறார். என்னவென்று நான் கேட்கவில்லை. புல்லியைப் பற்றி அவரும் கேட்கவில்லை. மதியம் ரசம் நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார். வைத்தது அவரே.

செப்டம்பர் 28

லேத்தைத் தொட்டேன்.

பக்கத்துப் பட்டறையில் கொடுத்தால் செய்து தந்திருப்பார்கள். ஆறுச்சாமி வீட்டில் லேத் இருக்கும்போது சாந்தாமணி புல்லியைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள் என்று கணபதி முழுக்கப் பேசுவார்கள். பேசட்டும், அது எனக்குப் பெரிதில்லை. அடுத்தவனிடம் போய் நிற்பதுதான் பிடிக்கவில்லை.

முதலில் தூசியைத் துடைத்தேன். எண்ணெய் விட்டேன். புல்லியைப் பிடித்து இறுக்க வலது கை ஒத்துழைக்கவில்லை, இறுக்குகிற சாவியில் முழங்கையை வைத்து அழுத்தினேன். சுவிட்சைப் போட்டதும் புல்லி சுற்றியது. இரும்பைச் சீவும் டூலை உள்ளே விட்டேன். கொட்டகையே கிறீச்சென்று அலறியது. நிறுத்தினேன். மறுபடி விட்டேன். மறுபடி அலறியது. உள்ளே பார்த்தால் துளையின் சுவரெல்லாம் அலை அலையாக இருந்தது.

ஜன்னலில் நிழல் விழுந்தது. திரும்பாமலே தெரியும் யார் என்று. தகரம் வெட்டுகிற கத்தரியோடு வெளியே நின்றார். இத்தனை வருடம் அந்த லேத் இப்படிக் கத்தி அவர் கேட்டிருக்க மாட்டார். வாயை மூடிக்கொண்டு எவ்வளவு நேரம் நிற்கிறார் பார்ப்போம் என்று மூன்றாவது முறையும் விட்டேன்.

"டூலு நீளமா வெளிய நிக்குது. உள்ள தள்ளிப் புடி."

"உள்ள வந்து சொல்றதுன்னா சொல்லுங்க."

கொஞ்ச நேரத்தில் நிழல் போய்விட்டது. டூலைத் தள்ளிக் குட்டையாகப் பிடித்தேன். அதன் பின் லேத் சத்தமே போடவில்லை. சாயங்காலம் புல்லி ஷாஃப்ட்டில் வழுக்கிக்கொண்டு ஏறியது. ஆட்டிப் பார்த்தேன், ஆடவில்லை. யாரிடமாவது காட்ட வேண்டும் போல இருந்தது. காட்டவில்லை.

அக்டோபர் 1

புல்லியின் துளையில் சாவிக்கட்டைக்கான வெட்டை அரத்தால் அராவுகிறேன். மில்லிங் மிஷினுக்குக் கீவே வெட்டக் கையால் அராவ வேண்டியிருக்கிறது, கேட்டால் சிரிப்பார்கள். ஷைனி கொடுத்த ரப்பர் பந்தைவிட அரம் நன்றாக வேலை வாங்குகிறது. அரத்தின் பிடியை இரண்டு விரல்களும் இன்று முழுசாகச் சுற்றிப் பிடித்தன. சம்பந்தி வீட்டார் இறங்கி வருகிறார்கள்.

திரும்பி வந்தால் அடுக்களைத் திண்டில் கல்லுப்பு போட்ட வெந்நீர் ஆவி பறக்க இருந்தது. யார் வைத்தது என்று தெரியவில்லை. இந்த வீட்டில் இருப்பது இரண்டே பேர்.

அக்டோபர் 6

பெல்ட் ஜோடி வந்துவிட்டது. மாட்டினேன். விரலால் அமுக்கினால் இரண்டும் ஒரே அளவுக்குக் குழிகின்றன. பள்ளத்தில் பாதியிலேயே நிற்கின்றன, அடியைத் தொடவில்லை. கச்சிதம்.

ஓட்டிப் பார்க்கலாம் என்று பச்சைப் பொத்தானில் விரலை வைத்தேன். கரண்ட் இல்லை.

அக்டோபர் 7

இன்றும் கரண்ட் இல்லை. பக்கத்துப் பட்டறையில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஜெனரேட்டர் வைத்திருப்பார்கள்.

அக்டோபர் 8

கரண்ட் இருந்தது. எனக்குத்தான் கை வரவில்லை. பொத்தானுக்குப் பக்கத்தில் போனால் பெல்ட் வீசுகிற சத்தம் கேட்கிறது. மோட்டார் ஓடவே இல்லை, ஆனாலும் கேட்கிறது. இதை ஷைனியிடம் சொல்ல முடியாது, இதற்குப் பந்து இல்லை. அவரிடமும் சொல்ல முடியாது. சொன்னால் லாரியை இன்றைக்கே கூப்பிடுவார்.

பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன். அதற்காக விற்றுவிட முடியுமா? வருடாவருடம் மாரியம்மன் கோயிலில் பயந்துகொண்டேதான் தீ மிதிக்கிறார்கள். மிதிக்கிறார்களே.

அக்டோபர் 11, ஆயுத பூசை

இன்று எந்த மிஷினும் ஓடக்கூடாது. எனக்கு ஒரு நாள் விடுமுறை, அம்மன் கொடுத்தது.

கொட்டகையைக் கழுவி விட்டேன். லேத்துக்கும் மில்லிங்குக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். அரம், சுத்தியல், ஸ்பேனர், டூல் எல்லாவற்றையும் மனை மேல் பரப்பிப் பொட்டு வைத்தேன். பொரி, கடலை, வாழைப்பழம் வைத்தாயிற்று. இந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. உடைந்த டிரில் துண்டானாலும் சரி, பொட்டு இல்லாமல் ஒரு சாமானும் விடக்கூடாது. விட்டால் வருடம் பூராவும் அது நம்மேல் வருத்தமாக இருக்கும் என்பார் அவர். போன வருடம் பரண் மேலே கிடந்த ஒரு பழைய கட்டரை விட்டுவிட்டோம் என்று சூடம் காட்டின பிறகு ஏணி போட்டு ஏறியவர்.

சூடத்தைத் தட்டில் வைத்துவிட்டுக் காத்திருந்தேன். அவர் வருவார் என்று அல்ல. தீப்பெட்டி நமுத்துப் போயிருந்தது.

வந்தார். வேட்டி கட்டிக்கொண்டு, ஒரு கோணிச் சாக்கை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றார். ஆடிக்குப் பிறகு என் கண் முன்னால் முதன்முறையாக உள்ளே ஒரு கால் வைத்தார், அடுத்த காலை வைக்க நேரமாயிற்று. சாக்கைப் பிரித்து மனையின் ஓரத்தில் வைத்தார். பழைய மோட்டார் புல்லி.

"பொட்டு வெக்காம எப்படி உடறது" என்றார்.

சந்தனக் கிண்ணத்தை நகர்த்தி வைத்தேன். அவர் பொட்டு வைக்கவில்லை. புல்லியையே பார்த்துக்கொண்டு சொன்னார். "ஒரு பெல்ட்டுத்தான் மாத்துனேன் அம்மணி. இன்னொண்ணு நல்லாத்தான் இருந்துச்சு. நீ கோயிலுக்குப் போயிருந்தே. வந்ததும் சொல்லலாம்னு இருந்தேன், மறந்துட்டேன். உன்ற கையை நாந்தான்..."

அதற்கு மேல் வரவில்லை. இத்தனை வருடத்தில் அந்த மனுசன் அழுது நான் பார்த்ததில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. இரண்டு மாதமாக இதை வயிற்றில் வைத்துக்கொண்டு ரசம் வைத்திருக்கிறார். என் மிஷினை விற்றால் இவர் பாரம் இறங்கிவிடுமா?

புல்லியைத் தூக்கினேன், வலது கையால். அதை அவர் பார்த்தார். ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பள்ளத்தைத் திருப்பிக் காட்டினேன். உக்கடத்தில் பார்த்த எல்லாவற்றையும்விட அதிகமாக அடி மினுங்கியது. முகம் பார்க்கலாம்.

"நல்லாப் பாருங்க. சுவரு பூராத் தேஞ்சு கெடக்குது. பெல்ட்டு அடியில உரசி உரசிச் சூடாயிருக்குது. இதுதான் தின்னுது. நீங்க மாட்டுன பெல்ட்டு இல்ல."

அவர் புல்லியை வாங்கிப் பள்ளத்துக்குள் கட்டை விரலை விட்டுத் தடவினார். ஒரு தரம் முழுக்கச் சுற்றித் தடவினார். "ரெண்டையும் மாத்தியிருந்தா?" என்றார்.

"ரெண்டும் அறுந்திருக்கும். ரெண்டு அடி வாங்கியிருப்பேன்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நானும் கண்ணை எடுக்கவில்லை. நாகமாணிக்கம் கடையில் கேட்டதை நான் சொல்லவில்லை. சொல்லப்போவதும் இல்லை. வேலை தெரிந்த மனுசனிடம் எவ்வளவு சொன்னால் போதும் என்று எனக்குத் தெரியும். புல்லிக்குப் பொட்டு வைத்தார். சூடத்தை அவரே கொளுத்தினார், அவர் மடியில் நல்ல தீப்பெட்டி இருந்தது.

அக்டோபர் 12, விஜயதசமி

காலையில் கொட்டகைக்குப் போனால் எனக்கு முன்னால் அவர் இருந்தார். மில்லிங் மிஷினுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து எதையோ திருகிக்கொண்டிருந்தார். வாஷிங் மிஷின் தகரம். பெல்ட்டையும் இரண்டு புல்லிகளையும் மூடுகிற மாதிரி ஒரு கவர், காற்றுப் போக ஓட்டை போட்டு, விளிம்பு கையைக் கிழிக்காமல் மடித்து, பச்சைப் பெயிண்ட் அடித்திருந்தார். பழைய கவரைக் கழற்றி வைத்து எத்தனையோ வருடமாகிறது. வேகம் மாற்ற இடைஞ்சல் என்று கழற்றச் சொன்னது நான்தான்.

நான் அராவிய கீவேயையும் பார்த்திருக்கிறார். "சாவி கொஞ்சம் டைட்டா இருக்குது" என்றார். இருக்கட்டும், கழன்று ஓடாது என்றேன். புல்லியை யார் லேத் போட்டது என்று அவர் கேட்கவில்லை. லேத்தின் டூலை மட்டும் கழற்றி, தீட்டி, மறுபடி மாட்டி வைத்திருந்தார்.

வாசலில் லாரி ஹாரன் அடித்தது. பழைய மிஷின் வாங்குகிற ஆள், விடிந்ததும் விடியாததுமாக வந்துவிட்டார். வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். போய் என்ன சொல்வது என்று கேட்கிற பார்வை.

ஷாஃப்ட் ஒன்றை மிஷினில் கட்டினேன். கவரை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தேன், அசையவில்லை. பச்சைப் பொத்தானில் விரலை வைத்தேன். வலது கை, ஆள்காட்டி விரல். அழுத்தினேன்.

மோட்டார் முனகியது. பெல்ட் பிடித்தது. கட்டர் சுற்ற ஆரம்பித்தது. எனக்குத் தெரிந்த சத்தம், இரண்டு மாதமாகக் கேட்காத சத்தம். வேறெந்தச் சத்தமும் கேட்கவில்லை. கைப்பிடியைச் சுற்றி ஷாஃப்ட்டைக் கட்டருக்குக் கொண்டுபோனேன். இரும்புச் சீவல் சுருண்டு விழுந்தது.

லாரிக்காரர் கொட்டகை வாசல் வரை வந்துவிட்டார். இதுதானா மிஷின், எப்போது நிறுத்துவீர்கள் என்று கேட்டார். இவர் குறுக்கே போய் நின்றுகொண்டு சொன்னார்.

"நிறுத்த மாட்டாங்க. அது அவங்க மிஷினுங்க. ஓடிட்டு இருக்குது, பாத்தீங்கல்ல. போயிட்டு வாங்க."

லாரி பின்னால் நகர்ந்து திரும்பும் வரை நான் தலையைத் தூக்கவில்லை. வெட்டு முடிந்ததும் சாவிக்கட்டையை உள்ளே வைத்துப் பார்த்தேன். சிக்கென்று உட்கார்ந்தது. இவர் தன் லேத்துக்குப் போய் அடுத்த ஷாஃப்ட்டைக் கட்டினார். பம்பு கம்பெனிக்கு நானே போன் செய்து சொல்லிவிட்டேன். பேசியவர் அண்ணன் இல்லீங்களா என்றார். இருக்கிறார், லேத்தில் இருக்கிறார், கீவே பற்றி என்னிடம்தான் பேச வேண்டும் என்றேன்.

இதை எழுதி முடித்துவிட்டு முதல் பக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். எழுத்து இன்றும் கோணல்தான். கீவே நேராக இருக்கிறது.